கடலுக்குப் போற தண்ணி வீணாவா போகுது? அலையாத்திக் காடும் கார்பன் கணக்கும்

(எபிசோடின் ஒலிப்பதிவைச் சுருக்கித் திருத்திய எழுத்து வடிவம்.)

இன்னைக்கு ஒரு வாக்கியத்தைப் பிரிச்சுப் பார்க்கப் போறோம். "மழை பேஞ்சு என்ன புண்ணியம், தண்ணியெல்லாம் வீணா கடலுக்குத்தான போகுது." தேனிப் பக்கம் டீக்கடை, பஸ் ஸ்டாண்டு, கல்யாண வீடு, எங்க உட்கார்ந்தாலும் இது காதுல விழும்.

எங்க ஊருக்கு இது வெறும் பேச்சு இல்ல, வரலாறு. மேற்கே அரபிக் கடலுக்குப் போயிட்டிருந்த பெரியாத்துத் தண்ணியை மறிச்சு, மலையைக் குடைஞ்சு, கிழக்கே திருப்பிவிட்டாங்க. முல்லைப் பெரியாறு அணை 1895ல திறந்தது. லோயர்கேம்ப்ல இருந்து பழனிசெட்டிபட்டி வரைக்கும் 14,707 ஏக்கர்ல இன்னைக்கு இருபோகம் நெல் விளையுதுன்னா அந்தத் தண்ணியாலதான். அதனாலதான் எங்க ஆளுங்க வீட்டுல சாமி படத்துக்குப் பக்கத்துல பென்னிகுயிக் படம் இருக்கும். ஆக, கடலுக்குப் போற தண்ணியைத் தடுத்து நிறுத்தியே உருவான பள்ளத்தாக்கு இது. அதை மறந்துட்டு நான் பேசல.

ஆனா ஒரு கேள்வி பாக்கி இருக்கு. கடலைத் தொடுற இடத்துல அந்த நல்ல தண்ணி ஒண்ணுமே செய்யலையா? பதில் சொல்லணும்னா மலையில இருந்து இறங்கி நேரா கடலோரத்துக்குப் போகணும். அங்க இருக்கற அலையாத்திக் காடுகள்லதான் பதில் இருக்கு. அந்தக் காட்டுல எத்தனை வகை மரம் இருக்கு, அது எவ்வளவு கார்பனைப் பிடிச்சு வைக்குது, இந்த ரெண்டுக்கும் ஆத்துத் தண்ணிக்கும் என்ன சம்பந்தம், இதுதான் இன்னைக்கு எபிசோடு.

கார்பன் மரத்துல இல்ல, சேத்துல

அலையாத்தின்னா அலையை ஆத்துறது, தணிக்கிறது. ஆறு கடல்ல கலக்குற முகத்துவாரத்துல, உப்புத் தண்ணியும் நல்ல தண்ணியும் கலக்குற சேத்துல வளர்ற மரங்கள். உலகம் முழுக்கச் சேர்த்தாலே இந்த மாதிரி மரம் சுமார் 70 வகைதான். சாதாரண மரத்தை அங்க நட்டா ரெண்டு காரணத்துல செத்துடும். ஒண்ணு, உப்பு. இன்னொண்ணு, சேத்துக்குள்ள காத்தே இல்ல, வேருக்கு மூச்சு முட்டும்.

இந்த ரெண்டு பிரச்சினையையும் ஒவ்வொரு மரமும் ஒவ்வொரு விதமா சமாளிக்குது. பிச்சாவரத்துல படகு போற கால்வாய் ஓரமா, ஊன்றுகோல் மாதிரி வளைஞ்ச வேரை ஊனி நிக்குதே, அது சுரபுன்னை. அது உப்பை வேர்லயே பெரும்பாலும் வடிகட்டி நிறுத்திடும். அதுக்குப் பின்னாடி, சேத்துல இருந்து பென்சில் பென்சிலா மேல நீட்டிட்டு இருக்கற வேர் வெண்கண்டலோடது, அதாவது அவிசென்னியா மெரினா. அந்தப் பென்சில் வேர் வழியாத்தான் அது மூச்சு விடுது. உப்பை உள்ள வாங்கி இலை வழியா வெளியே தள்ளும். இலையை நாக்குல வச்சுப் பார்த்தா உப்புக் கரிக்கும். இன்னும் கொஞ்சம் மேடான இடத்துல தில்லை மரம். சிதம்பரத்துக்குத் தில்லைன்னு பேர் வந்ததே இந்த மரத்தாலதான். இதோட பால் கண்ணுல பட்டா பார்வைக்கே ஆபத்து, கோயில் ஊர் மரம்னு தொட்டுப் பார்க்கப் போயிடாதீங்க.

சரி, கார்பனுக்கு வருவோம். மரம் காத்துல இருக்கற கார்பன் டை ஆக்சைடை இழுத்து, தண்டாவும் இலையாவும் வேராவும் மாத்திக்குது. மலைக்காட்டுல இலை விழுந்தா கொஞ்ச நாள்ல மக்கிடும். மக்குறதுன்னா நுண்ணுயிர்கள் ஆக்சிஜனோட அதைச் சாப்பிட்டு, கார்பனைத் திரும்பக் காத்துக்கே விட்டுடுது. அலையாத்திச் சேத்துல ஆக்சிஜன் இல்லாததால அந்த வேலை ஆமை வேகத்துல நடக்கும். மேல மேல வண்டல் படிஞ்சு, பழைய வேரும் இலையும் அடியில புதைஞ்சு, பல நூறு வருஷம் கூட அப்படியே கிடக்கும்.

"காத்தில்லாத சேறுன்னா மீத்தேன் வருமே?"ன்னு கேட்டா, நல்ல கேள்வி. கொஞ்சம் வரும். ஆனா கடல் தண்ணியில சல்பேட் இருக்கு. அதை வச்சு வாழ்ற நுண்ணுயிர்கள், மீத்தேன் உண்டாக்குற நுண்ணுயிர்களோட சாப்பாட்டை முந்திக்கிட்டுப் பறிச்சுடும். அதனால நல்ல தண்ணிச் சதுப்பைவிட இங்க பொதுவா மீத்தேன் கம்மி.

எவ்வளவு கார்பன்? இந்தியப் பெருங்கடல், பசிபிக் பகுதிகள்ல 25 காடுகளை அளந்து 2011ல வந்த ஆய்வுல, சராசரியா ஒரு ஹெக்டேருக்கு 1,023 டன் கார்பன். ஹெக்டேர்னா ரெண்டரை ஏக்கர்னு வச்சுக்கங்க. அந்தக் கார்பன்ல 49ல இருந்து 98 சதவீதம் வரைக்கும் மண்ணுக்குள்ளதான் இருந்தது. இந்த 1,023 டன் கார்பன் காத்துக்குப் போனா சுமார் 3,750 டன் கார்பன் டை ஆக்சைடு ஆகும். லிட்டருக்கு 50 கிலோமீட்டர் தர்ற பைக்ல தேனியில இருந்து சென்னைக்கு ஒன்றரை லட்சம் தடவைக்கு மேல போனா வர்ற புகை அது. ரெண்டரை ஏக்கர் சேத்துல அவ்வளவு!

ஒரு எச்சரிக்கை. இந்தச் சராசரியில இந்தோனேசியா மாதிரி மழை கொட்டுற இடங்களும் சேர்ந்திருக்கு. நம்ம வறண்ட கடலோரத்துல மரம் குட்டை. அந்த நம்பரை முத்துப்பேட்டைக்கு அப்படியே காப்பி பேஸ்ட் பண்ண முடியாது. ஆனா கார்பன்ல பெரும்பங்கு சேத்துலதான்ங்கற விஷயம் இங்கயும் பொருந்தும்.

வகை கூடினா கார்பன் கூடுமா?

இப்ப முக்கியமான கேள்வி. ஒரே வகை மரம் ஆயிரம் நிக்கறதும், பத்து வகையில ஆயிரம் நிக்கறதும் ஒண்ணா?

இதைச் சோதிச்சுப் பார்க்கவே சீனாவுல ஜியாங்சி மாகாணத்துல ஒரு பெரிய பரிசோதனை பண்ணாங்க. மலைச்சரிவுல ஒன்றரை லட்சத்துக்கும் மேல மரம் நட்டாங்க. சில துண்டு நிலத்துல ஒரே வகை, சிலதுல ரெண்டு, நாலு, எட்டு, பதினாறு வகை. எட்டு வருஷம் கழிச்சு 2018ல முடிவு வந்தது. 16 வகை கலந்த நிலத்துல தரைக்கு மேல ஹெக்டேருக்குச் சுமார் 32 டன் கார்பன். ஒரே வகை நட்ட நிலங்களோட சராசரி சுமார் 12 டன்.

ஏன் இப்படி? ரெண்டு காரணம். ஒண்ணு, பங்கு பிரிச்சு வேலை பார்க்கறது. ஒரு மரம் உயரமா வெயிலைப் பிடிக்கும், இன்னொண்ணு அதோட நிழல்லயே பிழைக்கும். ஒரு வேர் ஆழமாப் போகும், இன்னொண்ணு மேலாப்புல பரவும். இடமும் வெளிச்சமும் வீணாகாது. ரெண்டாவது, அதிர்ஷ்டக் கணக்கு. நிறைய வகை நட்டா அதுல ஒண்ணு ரெண்டு அந்த மண்ணுக்கு அசுர வேகத்துல வளர்ற மரமா அமைய வாய்ப்பு அதிகம்.

அந்த ரெண்டாவது காரணத்தால ஒரு சிக்கலும் இருக்கு. அதே பரிசோதனையில, வியாபாரத்துக்குன்னு நடுற ரெண்டு வகை மரம் தனியா நின்னே கலப்புக் காட்டுக்குச் சமமா கார்பன் பிடிச்சது. அப்ப "ஒரே ஒரு நல்ல மரமா பார்த்து நட்டா போதுமே"ன்னு ஒரு கம்பெனி கேக்கலாம். எட்டு வருஷக் கணக்குக்கு அது சரியா இருக்கலாம். எண்பது வருஷத்துக்கு?

நம்ம சாஃப்ட்வேர் ஆளுங்களுக்கு இது தெரிஞ்ச கதை. ஒரே சர்வர்ல எல்லாத்தையும் ஓட்டினா அது படுக்கிற நாள்ல எல்லாம் படுத்துடும். மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளை வச்சு 2020ல வந்த ஒரு ஆய்வும் இதைத்தான் காட்டுச்சு. தேக்கு, யூகலிப்டஸ் தோட்டங்களைவிட, பல வகை மரம் உள்ள இயற்கைக் காடு வருஷா வருஷம் ஏற்ற இறக்கம் கம்மியா, வறட்சியிலயும் நிதானமா கார்பன் பிடிக்குது. மேகமலையில நிக்கற பசுமைமாறாக் காட்டுக்கும் நட்டு வச்ச ஒரே வகைத் தோப்புக்கும் வித்தியாசம் அங்கதான்.

அலையாத்திக் காட்டுல இது இன்னும் தெளிவாத் தெரியும். புயல்ல கிளை முறிஞ்சா அவிசென்னியா தண்டுல இருந்து மறுபடி துளிர்க்கும். சுரபுன்னையால அது பெரும்பாலும் முடியாது. அந்த வகையில அவிசென்னியா கெட்டி. ஆனா தேக்கு இலையை அரிச்சுத் தின்னுற புழு இருக்குல்ல, அதே புழு மும்பைப் பக்கம் அவிசென்னியாக் காடுகளையும் மொட்டையாக்கிட்டுப் போகுது. சுரபுன்னை இலையில டானின் நிறைய, அது சீக்கிரம் மக்காது. அதோட வளைஞ்ச வேர் கால்வாய் ஓரத்துல வண்டலைப் பிடிச்சு நிறுத்தும். ஒண்ணு சறுக்குற இடத்துல இன்னொண்ணு தாங்கும். வகைங்கறது கார்பனுக்குப் போட்ட இன்சூரன்ஸ்.

பிச்சாவரமும் முத்துப்பேட்டையும்

இப்ப நம்ம ஊர் காடு ரெண்டு. பிச்சாவரம், கடலூர் மாவட்டம். வடக்கே வெள்ளாறு, தெற்கே கொள்ளிடம், நடுவுல காடு. 2022ல ராம்சர் பட்டியல்ல சேர்ந்தது. முத்துப்பேட்டை, காவிரி டெல்டாவோட தெற்கு ஓரம். பாமணியாறு, கோரையாறு எல்லாம் வந்து விழற உப்பங்கழி. பரப்பளவுல பிச்சாவரத்தைவிடப் பல மடங்கு பெருசு.

பெரிய காட்டுலதான் வகை அதிகம் இருக்கணும்னு தோணும். தலைகீழ். பிச்சாவரத்துல சுமார் 12, 13 வகை. முத்துப்பேட்டையில அதுல பாதி அளவுதான், அதுலயும் எங்க பார்த்தாலும் அவிசென்னியா. பிச்சாவரத்துல சுரபுன்னையிலயே ரெண்டு வகை இருக்கு. அந்த ரெண்டும் இயற்கையாக் கலந்து மூணாவதா ஒரு கலப்பின மரமும் உருவாகியிருக்கு. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பேராசிரியர் கதிரேசன் 1995ல அதைப் பதிவு பண்ணி, பல்கலைக்கழகத்தோட பேரையே வச்சார்: ரைசோஃபோரா அண்ணாமலயானா.

ஏன் இந்த வித்தியாசம்? ஆய்வாளர்கள் சொல்ற முக்கியமான காரணம், நல்ல தண்ணி. கடல் தண்ணி தேங்கி வெயில்ல ஆவியாகி, உப்பு ஏறிக்கிட்டே போகும். ஆத்துத் தண்ணி வந்து அதைக் கழுவி இறக்கணும். வர்ற தண்ணி குறைய குறைய, உப்பைத் தாங்காத வகை ஒவ்வொண்ணாக் கழண்டுக்கும். கடைசியில எதையும் தாங்குற அவிசென்னியா மட்டும் மிஞ்சும். அதுவும் உப்போட மல்லுக்கட்டுறதுலயே சக்தியெல்லாம் செலவாகி, குட்டையா நிக்கும். வகையும் போச்சு, வளர்ச்சியும் போச்சு.

இது நம்ம ஊர்ல மட்டும் இல்ல. சுந்தரவனக் காட்டுக்குப் பேர் குடுத்ததே சுந்தரி மரம்தான்னு சொல்லுவாங்க. கங்கையில 1975ல ஃபராக்கா தடுப்பணை செயல்பாட்டுக்கு வந்தது. கீழ போற நல்ல தண்ணி குறைஞ்சு, உப்பு ஏறி, சுந்தரி மரங்கள் நுனியில இருந்து காய்ஞ்சு வர்றதை வங்கதேசத்துல ரொம்ப வருஷமாப் பார்த்துட்டிருக்காங்க.

2018 நவம்பர் 16ஆம் தேதி கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறினப்ப முத்துப்பேட்டைக் காடு பலமா அடி வாங்குச்சு. காடு முழுக்க ஒரே மரமா இருந்தா, மீண்டு வர்றதும் அந்த ஒரே மரத்தோட தலையெழுத்தைப் பொறுத்ததுதான்.

நட்டா போதுமா?

ஆங்கிலேயர் காலத்துல தொடங்கி 1970கள் வரைக்கும் இந்தக் காடுகளைப் பகுதி பகுதியா மொத்தமா வெட்டினாங்க. வெட்டின இடத்துல வெயில் நேரா அடிச்சு, சேறு காய்ஞ்சு அமுங்கி, தொட்டி மாதிரி பள்ளமாச்சு. ஓதம் ஏறும்போது உள்ள வந்த கடல் தண்ணி திரும்பிப் போக வழியில்லாம தேங்கி, உப்பளம் மாதிரி ஆயிடுச்சு. ஒரு செடி முளைக்கல. ரொம்ப காலம் பழி யார் மேல தெரியுமா? ஆடு மாடு மேய்க்கறவங்க, விறகு பொறுக்கறவங்க மேல.

1990கள்ல எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் பிச்சாவரத்துல ஆய்வு பண்ணி, கோளாறு ஆடு மாட்டுல இல்ல, தண்ணி ஓட்டத்துலன்னு கண்டுபிடிச்சாங்க. வனத்துறையும் ஊர் மக்களும் சேர்ந்து மீன்முள் வடிவத்துல கால்வாய் வெட்டினாங்க. நடுவுல ஒரு பெரிய கால்வாய், ரெண்டு பக்கமும் கிளைக் கால்வாய். ஓதம் ஏறி இறங்க வழி கிடைச்சதும் உப்பு குறைஞ்சது. அப்புறம்தான் நட்டாங்க, காடு திரும்ப வந்தது. ஆனா நட்டது பெரும்பாலும் அவிசென்னியா. பரப்பு திரும்பிடுச்சு, வகை அந்த அளவுக்குத் திரும்பல. அதைக் கால்வாய் மட்டும் வெட்டிக் கொண்டு வர முடியாது, ஆத்துத் தண்ணியும் வேணும்.

இந்தப் பாடத்தைப் படிக்காதவங்களுக்கு என்ன ஆகும்னு இலங்கையைப் பாருங்க. 2004 சுனாமிக்கு அப்புறம் கடலோரத்துல நிறைய நட்டாங்க. 23 இடங்கள்ல நட்டதைப் போய்ப் பார்த்து 2017ல ஒரு ஆய்வு வந்தது. ஒன்பது இடத்துல ஒரு செடி கூட உயிரோட இல்ல. பாதிக்கு மேல பிழைச்சது மூணே இடத்துலதான். தப்பான இடம், தப்பான வகை, நட்ட பிறகு பராமரிப்பு இல்ல.

இந்தியாவுல 2023ல மிஷ்டின்னு அலையாத்திக் காடுகளுக்குன்னே ஒன்றிய அரசு ஒரு திட்டம் தொடங்கியிருக்கு. நல்ல விஷயம். ஏன்னா நாட்டுல இருக்கற சுமார் 4,992 சதுர கிலோமீட்டர் அலையாத்திக் காட்டுல, 2021 வன அறிக்கைப்படி தமிழ்நாட்டுப் பங்கு 45 சதுர கிலோமீட்டர்தான். நூத்துல ஒண்ணு கூட இல்ல. ஆனா "இத்தனை லட்சம் கன்று நட்டோம்"னு எண்ணிக்கை மட்டும் சொல்றது, எத்தனை வரி கோடு எழுதினான்னு பார்த்து டெவலப்பருக்கு அப்ரைசல் போடுற மாதிரி. புரொடக்‌ஷன்ல ஓடுதாங்கறதுதான் கேள்வி.

அப்ப, தண்ணி?

எங்க பள்ளத்தாக்குக்குத் திரும்பலாம். "அப்ப அணையைத் திறந்து எல்லாத்தையும் கடலுக்கு விட்டுடலாமா, எங்க வெள்ளாமை என்னாகும்?"னு கேக்கறது நியாயம். யாரும் அப்படிச் சொல்லல. பிச்சாவரத்துக்கு வர்ற நல்ல தண்ணியில ஒரு பங்கு கான்சாகிப் வாய்க்கால் வழியா வருது. அது வயலுக்குப் பாய்ஞ்சு முடிச்ச வடிகால் தண்ணி. நெல்லும் விளையுது, காடும் குடிக்குது. வயலா காடான்னு அடிச்சுக்கத் தேவையில்ல. கடைசிச் சொட்டு வரைக்கும் மறிச்சாத்தான் புத்திசாலித்தனம்ங்கற நினைப்பைத்தான் விடணும்.

நம்ம வைகையையே எடுத்துக்கங்க. வருசநாட்டு மலையில பொறந்து, ஆண்டிப்பட்டிப் பக்கம் வைகை அணையைத் தாண்டி, மதுரை வழியா ராமநாதபுரம் பெரிய கண்மாய் வரைக்கும் போகணும். அங்க மிஞ்சினா ஆற்றங்கரைங்கற ஊர்ப் பக்கம் கடல்ல சேரும். கம்மாய் நிறைஞ்சு மறுகால் பாயற வருஷம் எத்தனைன்னு ராமநாதபுரத்துக்காரங்களைக் கேளுங்க, விரல் விட்டு எண்ணிடுவாங்க. கடலோரத்துக்கு நல்ல தண்ணி போகணும்னா மலையில நீர்ப்பிடிப்புக் காடு நல்லா இருக்கணும். 2021ல அறிவிச்ச ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகத்தோட பெரிய பயன்கள்ல ஒண்ணு அது. அது புலிக்கு மட்டும் இல்ல, வைகைக்கும் காப்பகம்.

போகறதுக்கு முன்னாடி, மூணு கேள்வி கையில வச்சுக்கங்க. உங்க ஆபீஸ்ல "கார்பனை ஈடுகட்ட மரம் நடுறோம்"னு மெயில் வந்தா, எத்தனை மரம்னு கேக்காதீங்க. எத்தனை வகை? அந்த மண்ணுக்கும் தண்ணிக்கும் சொந்தமான வகையா? அஞ்சு வருஷம் கழிச்சு எத்தனை நிக்குதுன்னு யார் போய் எண்ணுவாங்க? இந்த மூணுக்கும் பதில் இல்லாத திட்டம் போட்டோ எடுக்கற திட்டம்.

பிச்சாவரம் தூரம்னா, தென்மாவட்டத்து ஆளுங்களுக்குக் கிட்ட இருக்கறது ராமநாதபுரம் மாவட்டத்துக் காரங்காடு. தொண்டிப் பக்கம். வனத்துறையும் ஊர் மக்களும் சேர்ந்து படகு விடுறாங்க. போனா துடுப்புப் போடுறவங்ககிட்ட கேளுங்க, "அண்ணே, இங்க எத்தனை வகை மரம் இருக்கு, முன்ன எப்படி இருந்துச்சு?" அவங்க சொல்றதை எங்களுக்கு வாய்ஸ் நோட்டா அனுப்புங்க. அடுத்த எபிசோடுல சேர்த்துப் பேசலாம்.